மேலே பார்க்க மறுத்த கண்

கொட்டாஞ்சேனை
13.06.2024, வியாழன், காலை

வெள்ளவத்தை மாடிவீட்டின் ஐந்தாம் தட்டில் கொலுவீற்றிருக்கும் என் ஒரே தங்கச்சி, மகாராணி நாகேஸ்வரி அவர்களின் சமூகத்துக்கு,

கடிதத்தைக் கிழிக்க முதல் சட்டத்தைக் கேள். இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளையார் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி, "இனி அண்ணையோட ஒரு வார்த்தை கதைக்க மாட்டன்" என்று சத்தியம் செய்தாய். அது வாயால் கதைப்பதைப் பற்றிய சத்தியம். காகிதத்தில் வாசிப்பதைப் பற்றிப் பிள்ளையார் ஒன்றும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்றவன், சாட்சி சொல்வேன். வாட்ஸ்அப் கதைப்பதில் சேருமா என்பது பெரிய பெரிய பண்டிதர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. நீ என் இலக்கத்தையே அடைத்துவிட்டபடியால் அந்த வழக்கும் தள்ளுபடி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் ஹம்சிகாவைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிற மாளிகாவத்தை ஹபீஸ் இன்று விடிய என் வாசலுக்கு வந்தான். "அங்கிள், நேத்து பின்னேரம் நெட்போல் விளையாடக்குள்ள ஷிம்னாட முழங்கை புள்ளட கண்ணுல பட்டிச்சி. த்ரீவீல்ல நாலு தரம் சத்தி எடுத்திச்சி" என்றான். நாலு தரம் வாந்தி என்றான். நான் அதை நாற்பது என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இந்தத் தியாகத்தை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

உனக்கும் எனக்கும் நடுவில் ஏழு கடல், பதினான்கு மலை, காலி வீதி முழுக்கச் சிக்னல் விளக்கு. ஆனாலும் கேட்கிறேன். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுத்தவன் நான். இந்த நாட்டில் பாதிப் பேரை எனக்கு எலும்பால் தெரியும், முகம்தான் பழக்கமில்லை. பிள்ளையின் கண் எப்படி? வீக்கமா, சிவப்பா? படம் எடுத்தார்களா?

பதிலை ஹபீஸிடம் கொடு. கீழே நிற்பான்.

எக்ஸ்ரேச் சக்கரவர்த்தி (ஓய்வு)
பரராஜசிங்கம்


வெள்ளவத்தை
வியாழன், காலை 10.30

அண்ணைக்கு,

ஹபீஸ் வெயிலில் நிற்கிறபடியால் எழுதுகிறேன். உங்களுக்காக அல்ல.

உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியும் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். ஹம்சியின் அப்பாவுக்கு வயிற்றில் வாய்வு பிடித்தபோது நீங்கள்தான் அந்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தீர்கள். குடல் வெடித்துவிட்டது, மெஷினில்தான் மூச்சு ஓடுகிறது என்று லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போன் அடித்தீர்கள். இவருடைய தம்பி வெள்ளை வேட்டியோடு வந்து இறங்கினார். இவர் கட்டிலில் சாய்ந்திருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிசன் பெட்டியைக் கூட இறக்காமல் என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அவர்களுடைய வீட்டில் இன்றைக்கும் என் பெயர் "வெடிச்ச குடல்".

இந்த வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அண்ணை எதைச் சொன்னாலும் பத்தாலே வகுக்க வேணும். இவர் தோஹாவுக்கு வேலைக்குப் போகும்போதும் எயார்போர்ட்டில் அதைத்தான் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. வலப் புருவத்தில் சின்னக் கீறல். கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சிவப்பில்லை, வீக்கமில்லை. டொக்டர் பார்த்தவர். தலையில் பட்ட அதிர்ச்சியாம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று எழுதியிருக்கிறது. இருட்டறையில் படுக்கட்டாம். நேரே பார்த்தால் சுகமாக இருக்கிறாள். மேலே பார்க்கச் சொன்னால் மட்டும் அழுது சத்தி எடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை தவணைப் பரீட்சை. அதுக்குப் பயந்த நடிப்பும் கொஞ்சம் இருக்கும்.

நாகேஸ்வரி


கொட்டாஞ்சேனை
வியாழன், பகல் 12 மணி

நாகேஸ்!

நீ அனுப்பிய வசவுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வயது போன காலத்தில் ஒவ்வொன்றாய் எடுத்து அனுபவிப்பேன். நான் வாசித்தது ஒரே ஒரு இடம். கண் வெள்ளை, மேலே பார்த்தால் சத்தி. அதை வாசித்ததும் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் கொட்டாஞ்சேனை அதிர்ந்து, துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு இந்தியாப் பக்கம் ஓடின!

கேள். கண் ஒரு சக்கரவர்த்தி. அவருக்கு எலும்பாலே ஓர் அறை. அந்த அறையின் தரை முட்டைக் கோது போல மெல்லியது, அதன் கீழே காற்று மட்டும் நிறைந்த பாதாளம். வளர்ந்தவனுக்கு அடிபட்டால் தரை உடைந்து விழும். முகம் வீங்கும், கண் இரத்தமாகும், வீடே அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும். பிள்ளைகளின் எலும்பு பச்சைக் கொப்பு. முறியாது, வளையும். அடிபட்ட கணத்தில் தரை கீழ்ப்பக்கமாய்த் திறந்து, அடுத்த கணம் படாரென்று மூடும். மூடும்போது கண்ணுக்கு அடியில் ஓடுகிற தசை அந்த இடுக்கில் அகப்பட்டுவிடும். நூறாம் நம்பர் பஸ் கதவில் உன் சேலைத் தலைப்பு அகப்பட்டால் எப்படி நிற்பாய்? அப்படி நிற்கிறது அந்தக் கண்! மேலே போகப் பார்த்தால் தசை இழுபடும், அந்த இழுவை இதயத்தையே பிடித்து நிறுத்தும்! இரத்தம் ஓடாது, தசை அழுகும், கண் சாகும்! ஆயிரம் பிள்ளைகள் இப்படிப் போயிருக்கிறார்கள்! இலட்சம்! வெளியே வீக்கம் இல்லை என்பதுதான் நாகபாசம்! இந்தக் கணமே ஸ்கானுக்குக் கொண்டு ஓடு, இல்லாவிட்டால் வானம் இடிந்து வெள்ளவத்தை மேல் விழும்!

உடைந்த கோப்பையோடு,
பரராஜசிங்கம்


வெள்ளவத்தை
14.06.2024, வெள்ளி, காலை

அண்ணைக்கு,

பத்தாலே வகுத்தேன். மூன்று கப்பலை வகுத்தால் ஒரு வள்ளம் கூட வரவில்லை.

ஆனாலும் தாய் மனம். டொக்டருடைய இடத்துக்கு அடித்தேன். திங்கள் ஹஜ் விடுமுறை, அவர் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போய்விட்டார், செவ்வாய்தான் வருவாராம். அங்கே இருக்கிற பெட்டை, "எக்ஸ்ரே நோர்மல்தானே அன்ரி, ஏன் சும்மா பதறுறியள்?" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. வேறு டொக்டரிடம் போய் நான் என்ன சொல்ல? என் அண்ணை படத்தைப் பார்க்காமலே கண் சாகுது எண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுறார் எண்டா? இன்னொரு தரம் ஊர் சிரிக்க என்னால் நிற்க முடியாது. அப்போது சிரித்தது இவருடைய ஆட்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். அதுதான் எனக்குச் சுட்டது.

ஹம்சி இருட்டறைக்குள்ளேயே கிடக்கிறாள். திரைச்சீலையை விலக்கினால் கத்துகிறாள். அவளோடு நானும் உள்ளே. மற்றப் பக்கத்தில் கடல் இருக்கிறதா வற்றிவிட்டதா என்று தெரியாது. ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இன்று காலை சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிடு பிள்ளை என்றேன். படம் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கண்ணை உயர்த்தினவள் வேர்த்துப்போய் அப்படியே என் மேல் சரிந்துவிட்டாள். "அம்மா, ரெண்டு பிள்ளையார் தெரியுது" என்றாள். சாப்பிடாத பலவீனமாக இருக்கும்.

இனி எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். காவலாளியிடம் உங்கள் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாகேஸ்வரி


உன் மாடிவீட்டு வாசல்
வெள்ளி, பகல் 1.20

நாகேஸ்,

ஹபீஸின் த்ரீவீலில் வந்து கீழே நிற்கிறேன். காவலாளி, "மாத்தயா, நோனா எப்பா கிவ்வா" என்கிறான். நீ வேண்டாம் என்றாய், அவன் விடவில்லை. அவனில் பிழை இல்லை. எழுதத் தாள் அவன்தான் தந்தான்.

இந்தக் கடிதத்தை வகுக்காதே. இதில் கூட்டி ஒன்றும் எழுதவில்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், நான் வேலை செய்த ஓர் ஊரில், ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஊஞ்சல் பலகை கண்ணில் பட்டது. கண் வெள்ளையாக இருந்தது. சத்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். நான்தான் படம் எடுத்தேன். கண்ணறைக்குக் கீழே, காற்று கறுப்பாகத் தெரிகிற இடத்தில், கண்ணீர்த் துளி போல வெள்ளையாய் ஒன்று தொங்கியது. நான் அதைக் கண்டேன். டொக்டரிடம் போய், "சேர், கண் பாதாளத்துக்கு இறங்கிட்டுது, பூலோகம் அழியப்போகுது" என்றேன். என் வழமையான கதை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு திரும்பிப் போய் ஒழுங்காகச் சொல்லவில்லை. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்துத் தாய் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்தபடி நடந்தாள். அந்தக் கண் மேலே போகவில்லை. பிந்திவிட்டது என்றார்கள்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஹம்சி படுத்தபடி இருக்கட்டும். அவளுடைய மணிக்கட்டில் நாடியைப் பிடி. நேரே பார்க்கும்போது அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கு. பிறகு உன் விரலை அவளுடைய நெற்றிக்கு மேலே கொண்டு போ. தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல். அப்போது எண்ணு. மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்து. இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார். இரண்டும் ஒரே மாதிரி மேலே போனால் நான் பிழை. பேசாமல் போய்விடுவேன்.

அகப்பட்ட தசையை இரண்டு நாளுக்குள் விடுவித்துவிட்டால் நல்லது. இன்று பின்னேரத்தோடு இரண்டு நாள்.

அண்ணை


வெள்ளி, 1.45

நேரே 78. மேலே 46. எண்ணி முடிக்க முதல் வெளிறிப்போனாள். நிறுத்திவிட்டேன்.

இடக்கண் போனது. வலக்கண் நின்ற இடத்திலேயே நின்றது, பொம்மைக் கண் மாதிரி. இவ்வளவு நேரமும் அடிபட்ட கண்ணை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஹபீஸிடம் த்ரீவீலை வாசலோடு எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையை இறக்கிக்கொண்டு வருகிறேன். பின்னால் மூன்று பேரும் இருக்கலாம்.


ஆஸ்பத்திரி
வெள்ளி, மாலை 6 மணி

ஆறு கதிரை தள்ளி வீற்றிருக்கும் மகாராணிக்கு,

த்ரீவீலில் ஒரு மணித்தியாலம் தோளோடு தோள் இடித்தபடி வந்தும் நீ வாய் திறக்கவில்லை. பிள்ளையாரே இறங்கி வந்து "போதும் பிள்ளை" என்று சொல்லியிருப்பார். சரி. இந்தக் காகிதத்தை நேர்ஸ் பிள்ளை கொண்டுவந்து தரும். எங்கள் இரண்டு பேருக்கும் விசர் என்று அது முடிவு கட்டிவிட்டது.

கண் டொக்டர் மஸாஹிரா ஸ்கான் படத்தைக் காட்டியபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் பார்த்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாண் வெட்டுவது போல முகத்தை மெல்லிய துண்டு துண்டாய்க் காட்டுகிற படம். இடது கண்ணறையில் மேலே, கீழே, இரண்டு பக்கமும் என்று நான்கு தசை நான்கு புள்ளியாய் இருக்கிறது. வலது பக்கம் மூன்றுதான். கீழே இருக்க வேண்டியதைக் காணவில்லை. தரையில் மயிர் கனத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு துளி. அவ்வளவுதான். முதல் எக்ஸ்ரேயைப் பார்த்தவரைத் திட்டாதே. அதில் இது ஒளிந்துகொள்ளும்.

இன்றைக்கே ஒப்பரேசன் செய்யப் போகிறார்கள், ஏழரைக்கு. கீழ் இமையின் உள்பக்கத்தால் போவார்கள், வெளியே தழும்பு தெரியாது. தரையைத் திறந்து, அகப்பட்டதை மெல்ல மெல்ல வெளியே எடுத்து, திரும்பவும் விழாதபடி மெல்லிய தகடு ஒன்றை விரிப்பார்கள். பிறகு கண்ணைச் சாமணத்தால் பிடித்து மேலும் கீழும் அசைத்து, பிடி விட்டுவிட்டதா என்று பார்ப்பார்கள். தசையைத் தொடும்போது நாடி விழலாம். மயக்கம் கொடுக்கிற டொக்டர் அதற்கு மருந்தைக் கையிலேயே வைத்திருப்பார்.

உன் ஒப்பத்துக்குக் காத்திருக்கிறார்கள். பேனையும் அனுப்புகிறேன்.

அண்ணை


(அதே தாளின் பின்பக்கம்)

ஒப்பம் வைத்தால் கண் பழையபடி வருமா? சரியாகச் சொல்லுங்கள்.

இவரைப் போனில் எடுத்தேன். "மச்சான் என்ன சொல்லுறார்?" எண்டு நக்கலாய்த்தான் கேட்டார். அண்ணை சொன்னதைத்தான் டொக்டரும் சொல்லுறா எண்டேன். நக்கலை விட்டுவிட்டு, "நீர் ஒப்பத்தை வையும்" என்றார். அவர் தோஹாவில். நான் இங்கே. என் பிள்ளையின் கண்ணுக்குள்ளே கத்தி போகப் போகிறது. மூன்று தரம் பேனையை எடுத்துவிட்டேன். என் பெயரே எனக்கு எழுத வரவில்லை.


(அதன் கீழே)

தெரியாது.

இதற்கு முதல் இந்தச் சொல்லை நான் யாருக்கும் எழுதியதில்லை. டொக்டரிடம் போய்க் கேட்டேன், அவவுக்கும் தெரியாது. பிடியை விடுவிக்கலாம் என்று நம்புகிறா. உள்ளே தசை எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். அதன் பிறகும் மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததை நான் கண்டவன்.

கோணலாய் வைத்தாலும் ஒப்பம்தான். வை, நாகேஸ்.


வெள்ளவத்தை
04.07.2024, வியாழன்

அண்ணைக்கு,

ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் நான் உங்கள் சட்டையைப் பிடித்துக் கதைத்ததைக் கதைத்ததாக எடுக்க வேண்டாம். அப்போது எனக்கு நிதானம் இல்லை. கோயில் ஐயரிடம் கேட்டேன். நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தால் சத்தியம் கழியுமாம். உடைத்து முடியும் வரை எழுத்துத்தான்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் போனோம். நேரே பார்த்தால் ஒன்று தெரிகிறது. கீழே பார்த்தாலும் ஒன்று. கதவு நிலையின் உயரம் வரைக்கும் ஒன்று. அதற்கு மேலே இரண்டு. டொக்டர் மஸாஹிரா சின்ன லைட்டை மேலும் கீழும் பிடித்து வெகு நேரம் பார்த்தா. "ஆறு மாசம் பார்ப்பம். இன்னும் கூடும். உச்சியில கொஞ்சம் அப்படியே நிண்டாலும் நிக்கும்" என்றா. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் என்று கேட்டேன். மூக்குச் சீறக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேணும் என்று வேறு கதை எடுத்தா. அதுவே எனக்குப் பதில்.

வியாழன் மத்தியானம் உங்களுடைய கடிதம் என் கையில் இருந்தது. வெள்ளி மத்தியானம்தான் நான் நாடி பிடித்தேன். அந்த ஒரு நாள் இப்போது கதவு நிலைக்கு மேலே நிற்கிறது. பிள்ளை அண்ணாந்து பார்க்கிற ஒவ்வொரு தரமும் அது எனக்குத் தெரியும். நீங்களும் வானத்தை இடித்து விழுத்தாமல், வெள்ளிக்கிழமை எழுதினதை வியாழக்கிழமையே எழுதியிருக்கலாம். முழுவதையும் என் தலையில் நான் போட மாட்டேன். பாதி உங்களுக்கு.

இப்போதைய கரைச்சல் வேறு. ஒரு நாளைக்கு ஐந்து தரம், தலையை அசைக்காமல் கண்ணால் மேலே பார்க்கிற பயிற்சி தந்திருக்கிறார்கள். ஹம்சி செய்கிறாள் இல்லை. சத்தி நின்று இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. ஆனால் மேலே பார்த்தால் அது திரும்ப வரும் என்ற பயம் அவளை விடவில்லை. நான் பென்சிலைத் தூக்கிப் பிடித்தால் கண்ணை இறுக்கி மூடுகிறாள். "உங்கட முகத்தைப் பாத்தா எனக்கு இன்னும் பயம் கூடுது அம்மா" என்றாள். அவளில் பிழையில்லை. என் முகம் அப்படித்தான் இருக்கிறது. ஷிம்னா வந்து பென்சிலைப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பிள்ளை தன்னால் வந்தது என்று விம்மத் தொடங்க, இவளும் சேர்ந்து அழுதாள். பயிற்சி நடக்கவில்லை.

நேற்று அவளே கேட்டாள். "மாமா வந்து ஏதாவது புளுகினா நான் பாப்பன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். அவள் கட்டிலில் நேரே இருப்பாள். நீங்கள் அவளுக்கு முன்னால் ஸ்டூலில் ஏறி நின்று, வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய பொய்யானாலும் பரவாயில்லை, நான் குசினிக்குள் நிற்பேன். கீழே நின்று மட்டும் சொல்ல வேண்டாம். அவள் உங்களுடைய முகத்தைத் தலையை அசைக்காமல் கண்ணை உயர்த்தித்தான் பார்க்க வேணும்.

ஸ்டூலில் ஒரு கால் ஆடும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

நாகேஸ்